பல்வரிசையும் பல் நேராக்குங் கலையும்

முல்லை அரும்பையும் முத்தையும் பல்வரிசைக்கு உவமை கூறி மகிழ்ந்தது தமிழ்ப் புலவர் மரபு. அவ்வரிசை பிறழ்ந்தவிடத்துத் தெற்றுப்பல் என்று பெயரிட்ட நம் மக்கள், அதனைப் பிறவியின் பயனெனக் கொண்டு அமைந்தனர். அது சீராக்கத்தக்கதொரு நிலை என்னும் அறிவு வளர்ந்தவாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சசு, பாற்பல் விழுமுன் நிலைப்பல் முளைக்குமாயின், முன்னதைக் களைந்து பின்னதை நாடோறும் விரலால் அழுத்தி உரிய இடத்திற் சேர்க்குமாறு எழுதினார். 1728-இல் பிரான்சு நாட்டுப் பியேர் போசார் தமது பெருநூலில், உலோகத் தகட்டைப் பற்களோடு நூலாற் பிணித்து நிரைப்படுத்தும் முறையை விளக்கினார். எனினும், பிறழ்வின் வகைகளை யாவரும் ஏற்குமாறு வரையறுத்தவர் அமெரிக்கராகிய எட்வர்ட் ஏங்கிள் ஆவர்.

ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கும் முதற் கடைவாய்ப்பல்லே அவர் கொண்ட அளவுகோல். 1899-இல் அவர் வகுத்த வகுப்புகள் மூன்று. மேலுங் கீழுமுள்ள அப்பற்கள் முறையாகப் பொருந்தியிருக்க, ஏனைய பற்கள் நெருங்கியோ திரும்பியோ நிற்பது முதலாவது. கீழ்ப்பல்வரிசை பின்தங்கி நிற்பது இரண்டாவது. மேல்முன்பற்கள் துருத்தித் தோன்றுவது இதிற் பெரும்பான்மை. கீழ்வரிசை முந்தி நிற்பது மூன்றாவது. இவ்வகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

எல்லாப் பற்களையும் காத்தே வரிசையைச் சீராக்கல் வேண்டுமென்பது ஏங்கிளின் கொள்கை. அவர் மாணவரான சார்ல்சு துவீடு, அவ்வாறு சீராக்கிய பற்கள் பல மீண்டும் பிறழக் கண்டு, தக்கவிடத்து முன்கடைவாய்ப் பற்களை நீக்கும் முறையைக் கைக்கொண்டார். ஆசிரியர் கூற்றாயினும் அனுபவத்தால் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டுமென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இன்று தாடையின் இடவளவு முதலியவற்றை நோக்கி இவ்விரண்டனுள் ஏற்றது தெரியப்படுகின்றது.

கம்பியின் மெல்லிய இடையறா அழுத்தத்தால் பல்லின் ஒருபுறத்து எலும்பு கரைய, மறுபுறத்தே புதியது வளர்கின்றது. இதனாலேயே சிகிச்சை பல மாதங்கள் நீள்கின்றது. முடிந்த பின்னரும் பற்களை நிலைநிறுத்துங் கருவியை அணிதல் இன்றியமையாதது.

இலங்கையிற் பல்மருத்துவப் பட்டக் கல்வி 1943-இல் கொழும்பிலே தொடங்கிப் பின்னர்ப் பேராதனைக்கு மாறிற்று. 1998-இல் யப்பானிய உதவியோடு அங்கு புதிய பல் போதனா வைத்தியசாலை எழுந்தது. மலைநாட்டார்க்கு இது பெரும்பேறே. ஆயினும், பன்விலைத் தோட்டத்துப் பிள்ளை வத்தேகம வழியாகக் கண்டியை அடைந்து, அதற்கப்பாலும் செல்லல் வேண்டும். உடன் செல்லும் பெற்றோர்க்கு அன்றைய கூலி இல்லை. பலமுறை செல்ல வேண்டிய சிகிச்சைக்கு இது சிறு தடையன்று.

ஆகவே, வருமுன் காத்தலே நம்மவர்க்கு முதன்மையானது. பரம்பரையால் வரும் பிறழ்வை முற்றுந் தடுத்தல் அரிது. ஆனால், பாற்பல் சொத்தையுற்று வேளைக்கு முன் வீழ்ந்தால், அயற்பற்கள் சாய்ந்து நிலைப்பல்லின் இடத்தைக் கவர்கின்றன. விரல் சூப்பும் வழக்கம் நீடிப்பின் முன்பற்கள் துருத்துகின்றன. இவை தடுக்கத்தக்கவை. ஏங்கிள் அளவுகோலாகக் கொண்ட ஆறாம் வயதுப் பல்லையோ, பெற்றோர் பலர் பாற்பல்லென மயங்கி, விழுந்தால் மீண்டும் முளைக்குமென்று விட்டுவிடுகின்றனர். அது மீண்டும் முளையாது.

அப்பல் முளைக்குங் காலமும் பிள்ளை பள்ளி புகுங் காலமும் ஒன்றே. எனவே, எழுத்தறிவிக்கும் ஆசிரியர் அதன் அருமையையும் பெற்றோர்க்கு அறிவிப்பாராயின், நெடுவழிப் பயணங்கள் பல குறையும். பிள்ளைகளும் வாய்மூடி நாணாது சிரிப்பர்.