தாமதமான பயணங்களும் தொலைந்த மூட்டைகளும்: முன்னோர் விட்டுச்சென்ற பாடங்கள்

உம்ரா முடித்து ஜித்தா விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரவு 10 மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் விடியற்காலை 4 மணிக்குத்தான் என்று பலகை அறிவிக்கிறது. குழந்தை அழுகிறது, முதியவர் மருந்தைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தால் ஜம்ஜம் கேன் வருகிறது, சூட்கேஸ் வரவில்லை. இந்தச் சில மணி நேரத்தில் கவுண்டரில் நின்ற ஊழியரிடம் பேசிய பேச்சும், தவறிப்போன தொழுகையும், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறைகூறிய சொற்களும், புனித மண்ணில் சேர்த்த நன்மைகளை எந்த அளவுக்குக் கரைத்தன என்பதை அல்லாஹ்வே அறிவான்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் நபிமொழி இது. வேதனை இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒரு காரியத்தில் வேதனை வரும்போது நாம் ஏன் திகைக்கிறோம்? நமக்கு முன் பயணம் செய்தவர்கள் எதைச் சந்தித்தார்கள், எப்படிச் சந்தித்தார்கள் என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பது இந்தத் திகைப்பைத் தணிக்கும்.

ஒரு கழுத்தணிக்காக நின்ற படை

தொலைந்த பொருளால் ஒரு பெரும் பயணமே நின்றுபோன நிகழ்வு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே உண்டு. ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்தணி அறுந்து விழுந்துவிட்டது. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் அங்கேயே தங்கினார்கள், மக்களும் தங்கினார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. மக்களிடமும் தண்ணீர் இல்லை. முணுமுணுப்பு எழுந்தது. சிலர் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்று, உங்கள் மகள் செய்ததைப் பார்த்தீர்களா என்று முறையிட்டனர். அவர் வந்து மகளைக் கடிந்துகொண்டார்; விலாவில் குத்தவும் செய்தார். நபி (ஸல்) அவர்களோ அன்னையின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் உறக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று அன்னை அசையாமல் பொறுத்திருந்தார்கள்.

காலையில் தண்ணீர் இல்லாத நிலையில் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. அபூபக்ரின் குடும்பத்தாரே, இது உங்களால் கிடைத்த முதல் பரக்கத் அல்லவே என்று உஸைத் பின் ஹுளைர் (ரலி) மகிழ்ந்தார்கள். பின்னர் அன்னை ஏறிவந்த ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியிலேயே கழுத்தணி கிடந்தது.

இந்நிகழ்வை நாம் மதரஸாவில் தயம்முமின் சட்டத்தைக் கற்கும்போது படிக்கிறோம். பயணத்தின் ஒழுக்கத்தைக் கற்பதற்காகவும் படிக்க வேண்டும். ஒரு பெண்ணின் பொருளைத் தேடுவதற்காக ஒரு படையை நிறுத்திய தலைவரை இதில் காண்கிறோம். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. இன்று உலகெங்கும் நோயாளிக்கும், தண்ணீர் கிடைக்காத பயணிக்கும் கிடைத்திருக்கும் சலுகை, அன்று பலர் முணுமுணுத்த ஒரு தாமதத்தின் பயனாக வந்தது.

பனியில் அடைபட்ட ஆறு மாதங்கள்

வானிலையால் பயணம் தடைபடுவதும் புதிதன்று. அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் இருந்தபோது பனி வழியை மறித்துவிட்டது. ஆறு மாதங்கள் அங்கே தங்க நேர்ந்தது. அத்தனை நாட்களும் அவர்கள் தொழுகையைச் சுருக்கித் தொழுதார்கள் என்று பைஹகீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

பயணி எத்தனை நாள் வரை கஸ்ராகத் தொழலாம் என்ற ஃபிக்ஹு விவாதத்தில் இச்செய்திக்கு முக்கிய இடம் உண்டு. ஓர் ஊரில் 15 நாட்கள் தங்கும் உறுதி இல்லாமல், இன்று புறப்படுவோம், நாளை புறப்படுவோம் என்று காத்திருப்பவர் எவ்வளவு காலமானாலும் பயணியே என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. தங்கும் எண்ணம் நான்கு முழு நாட்களை எட்டினால் பயணச் சலுகை முடிந்துவிடும். ஆனால் காரியம் எந்நேரமும் முடியலாம் என்று எதிர்பார்த்திருப்பவருக்கு 18 நாட்கள் வரை சலுகை உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. விமானம் ரத்தாகி ஹோட்டலில் தங்கவைக்கப்படுபவர்களுக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தும்.

மூட்டையில் இருந்த கல்வி

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்வை தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) தம் தபகாத் நூலில் பதிவு செய்துள்ளார். ஜுர்ஜானில் கல்வி கற்று, ஆசிரியரிடம் கேட்டு எழுதிய குறிப்புகளுடன் இமாம் சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழிப்பறிக் கொள்ளையர் கூட்டம் மறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டது. இமாம் அவர்களைப் பின்தொடர்ந்து சென்று, மற்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்புகளை மட்டும் தந்துவிடுங்கள், நான் கற்ற கல்வி அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார். கொள்ளையர் தலைவன் சிரித்தான். நாங்கள் பறித்ததும் உன் கல்வி உன்னை விட்டுப் போய்விட்டதென்றால், நீ கற்றதாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு, குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான்.

அச்சொல்லை அல்லாஹ் தமக்கு வழிகாட்டுவதற்காகவே அவன் நாவில் வரச்செய்தான் என்று இமாம் எடுத்துக்கொண்டார். ஊர் சேர்ந்ததும் மூன்று ஆண்டுகள் செலவிட்டு அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்தார். இனி எவர் பறித்தாலும் தம் கல்வி தம்மிடமே இருக்கும் என்ற நிலையை அடைந்தார். பயணத்தில் எவற்றை இழந்தால் நாம் கலங்கிவிடுகிறோம் என்று கவனித்தால், நாம் எதைச் சார்ந்து வாழ்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இப்னு ஜுபைர் எழுதிய குறைகள்

பொறுமை என்றால் நடந்த அநீதியைச் சொல்லாமல் இருப்பதா? கிரனாடாவிலிருந்து 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் அப்படிக் கருதவில்லை. அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் நடத்திய விதத்தை அவர் விரிவாக எழுதியுள்ளார். பயணிகளின் பெயர்களும் பொருட்களும் ஒவ்வொன்றாகப் பதியப்பட்டன. கையிலிருந்த பணத்துக்கு ஓராண்டு நிறைவடைந்ததா என்று கூடக் கேட்காமல் ஜகாத் வசூலிக்கப்பட்டது. பின்னர் சுங்கச் சாவடியின் நெரிசலில் மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. ஒருவர் பொருளும் மற்றவர் பொருளும் கலந்தன. இடுப்புக் கச்சைக்குள் கைவிட்டுத் தேடினார்கள். வேறேதும் இல்லையென்று சத்தியமும் வாங்கினார்கள். அந்தக் குழப்பத்தில் பலருடைய பொருட்கள் காணாமற்போயின.

இவ்வளவையும் எழுதியவர், சுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்களின் நீதியையும் மறக்காமல் எழுதினார். இக்கொடுமை சுல்தானுக்குத் தெரியவந்தால் அதை நிறுத்திவிடுவார் என்பது அவர் நம்பிக்கை. குறையைச் சொல்லும்போதும் ஒருவர் மீதான கோபத்தை அனைவர் மீதும் கொட்டாத நேர்மை அது.

அடுத்து செங்கடலைக் கடப்பதற்காக ஐதாப் துறைமுகத்துக்கு வந்தார். அங்கிருந்த மரக்கலங்கள் ஆணியின்றி, தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஒரே பயணத்தில் கலத்தின் விலையை எடுத்துவிட வேண்டும் என்ற பேராசையில், உரிமையாளர்கள் ஹாஜிகளைக் கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் ஒருவர் மேல் ஒருவராக அடைத்தனர். இந்த வழியே வராதீர்கள், இயன்றவர்கள் வேறு வழியில் செல்லுங்கள் என்று இப்னு ஜுபைர் பின்வருவோரை எச்சரித்தார். தம் துன்பத்தை அடுத்தவருக்குப் பயன்படும் அறிவாக மாற்றியது அந்த எழுத்து. திரும்பும் வழியில் 1184ஆம் ஆண்டின் இறுதியில் சிஸிலித் தீவின் மெஸ்ஸினா அருகே அவருடைய கப்பல் உடைந்தது. கரைசேர்க்கும் படகுகளுக்குக் கூலி கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம்களுக்காக, கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம் பணம் கொடுத்ததையும் அவர் நன்றியோடு பதிவு செய்துள்ளார்.

பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்

இப்னு பதூதாவும் 1326இல் அதே ஐதாபுக்குத்தான் வந்தார். ஆனால் உள்ளூர்த் தலைவருக்கும் மம்லூக்குகளுக்கும் மூண்ட சண்டையில் கலங்கள் அழிக்கப்பட்டிருந்தன. கடலைக் கடக்க வழியில்லை. நைல் நதி வழியே கெய்ரோவுக்குத் திரும்பி, சிரியா சென்று, திமிஷ்கிலிருந்து புறப்பட்ட கூட்டத்தோடு அதே ஆண்டு ஹஜ் செய்தார். வழி அடைபட்டதால்தான் ஜெருசலத்தையும் திமிஷ்கையும் அப்போது காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

பின்னாளில் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குச் செல்லக் கோழிக்கோடு வந்தபோது, தமக்கேற்ற அறை கப்பலில் கிடைக்கவில்லை என்று தம் பொருட்களையும் ஆட்களையும் சிறிய கலத்துக்கு மாற்றினார். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கினார். புயல் வீசியது. சுல்தானின் பரிசுகள் இருந்த கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். அவருடைய பொருட்கள் இருந்த கலமோ அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது. கையில் மிஞ்சியது பத்துத் தீனாரும் படுக்கும் விரிப்பும் மட்டுமே.

துன்பம் அத்தோடு முடியவில்லை. மாலத்தீவு, இலங்கை, நம் மஅபர் கடற்கரை என்று சுற்றி, மதுரை சுல்தானையும் சந்தித்து, மீண்டும் மலபார் சென்றபோது கடற்கொள்ளையர் அனைத்தையும் பறித்துக்கொண்டனர். உடுத்திய கீழாடை தவிர எதுவும் மிஞ்சவில்லை. கோழிக்கோடு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். ஃபிக்ஹு அறிஞர் ஒருவர் உடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். ஒரு வணிகர் மற்றோர் ஆடை தந்தார். பொருளிழந்த வழிப்போக்கனுக்கு ஜகாத்தில் பங்குண்டு என்று குர்ஆன் ஏன் கூறுகிறது என்பதை இந்தக் காட்சியைவிடத் தெளிவாக விளக்க முடியாது. புகாராவில் அறிஞர்களின் அடக்கத்தலங்களில் எழுதியெடுத்த குறிப்புகளையும் அவர் கடற்கொள்ளையில் இழந்திருந்தார். ஆயினும் பல்லாண்டு கழித்து, 1355இல் ஃபெஸ் நகரில், அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய பயண நூல் இன்றளவும் வாசிக்கப்படுகிறது.

விமான யுகத்தின் முதல் நெரிசல்

விமானம் வந்ததும் காத்திருப்பு ஒழிந்ததா? 1952ஆம் ஆண்டு ஹஜ் பயணிகளுக்கான வரியை சவூதி அரசு நீக்கியது, பயணிகள் பெருகினர். பெய்ரூத்தில் விமான நிறுவனங்கள் இருக்கைகளின் எண்ணிக்கையை மீறிப் பயணச்சீட்டுகளை விற்றுவிட்டன. ஹஜ் நாட்கள் நெருங்க, ஜித்தா விமான நிலையம் மூடப்படும் நேரமும் நெருங்கியது. ஆயிரக்கணக்கானோர் கையில் பயணச்சீட்டோடு பெய்ரூத்தில் தவித்தனர். லெபனான் தரப்பின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்க விமானப்படையின் விமானங்கள் அனுப்பப்பட்டன. ஆகஸ்ட் இறுதியில் சில நாட்களுக்குள் 3,700க்கும் மேற்பட்ட ஹாஜிகள் ஜித்தாவில் இறக்கப்பட்டனர். இருக்கைக்கு மேல் சீட்டு விற்கும் வழக்கமும் நம் காலத்தில் தோன்றியதன்று. எதிர்பாராத இடத்திலிருந்து அல்லாஹ் உதவி அனுப்புவதும் அவ்வாறே.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, தொழுகை. விமான நிலையத்தில் தொழுகைக்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை; பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. சலுகைகளை அறிந்து பயன்படுத்த வேண்டும். ஷாஃபிஈகள் பயணத்தில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் தொழ வேண்டும். சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பின்னரே பயணச் சலுகை தொடங்கும். கீழக்கரையிலிருந்து வந்து திருச்சி விமான நிலையத்தில் காத்திருப்பவர் பயணி. தம் ஊரை ஒட்டிய விமான நிலையத்தில் காத்திருப்பவரின் நிலை வேறு. புறப்படும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாவு. கவுண்டரில் நிற்கும் இளைஞர் விமானத்தைத் தாமதப்படுத்தியவர் அல்லர். அவரிடம் கத்துவதால் விமானம் முன்னதாக வரப்போவதில்லை. இஹ்ராம் உடையில் நிற்பவர் கத்தினால், அதைப் பார்ப்பவர்கள் நம் மார்க்கத்தையும் சேர்த்தே எடைபோடுவார்கள்.

மூன்றாவது, உரிமை. ஸப்ர் என்பது உரிமையைக் கைவிடுவதன்று. பெட்டி வரவில்லையெனில் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, அதன் நகலையும் பெட்டிக்கான சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பன்னாட்டுப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்துள்ளது. அதன்படி பெட்டி சேதமடைந்திருந்தால் பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். 21 நாட்கள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம். கோரும்போது பெட்டியில் இல்லாத பொருளைச் சேர்த்து எழுதுவது ஹராம்; இருந்ததைக் கேட்பது ஹலாலான உரிமை.

நான்காவது, அருகில் இருப்பவர். தாமதமான இரவில் ஒரு முதியவருக்கு மருந்து தேடிக் கொடுப்பதும், கைக்குழந்தையோடு தவிக்கும் தாய்க்கு இருக்கையை விட்டுக்கொடுப்பதும், கோழிக்கோடு பள்ளிவாசலில் இப்னு பதூதாவுக்கு ஆடை கொடுத்தவர்களின் வழியில் சேர்ந்த செயல்களே.

பயணியின் துஆ மறுக்கப்படாத துஆக்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். விமானம் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த துஆவுக்கான நேரம் நீளுகிறது. அதைக் கைப்பேசியிலும் முணுமுணுப்பிலும் கழித்துவிடாமல், பெற்றோருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நம் சமுதாயத்துக்காகவும் கையேந்துவோம்.

அல்லாஹ் நம் பயணங்களை இலகுவாக்கி, நம்மையும் நம் குடும்பத்தாரையும் நலமுடன் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.