முந்திரிக் கணக்கும் டூம் கேமும்

"தமிழன் அன்றே நானோ டெக்னாலஜி கண்டான்" என்று ஒரு ஃபார்வர்டு உங்க குடும்ப குரூப்பிலும் கண்டிப்பா வந்திருக்கும். முந்திரி, கீழ்முந்திரி, இம்மி, அணு என்று சின்னச் சின்னப் பின்னங்களாக ஒரு பட்டியல். பக்கத்திலேயே வகு எண்கள், கீழே போகப் போகப் பெருசாகிக்கிட்டே போகும். அதைப் பார்த்ததும் ரெண்டு கோஷ்டி கிளம்பும். ஒரு கோஷ்டி "பார்த்தியா, அணுவையே அளந்திருக்கான்" என்று கை தட்டும். இன்னொரு கோஷ்டி "எல்லாம் புருடா" என்று சிரிச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிடும்.

நான் ரெண்டு கோஷ்டியிலும் இல்லை. அந்தப் பின்னங்கள் உண்மை. கல்வெட்டிலும் இருக்கு, பழைய கணக்கு நூல்களிலும் இருக்கு. தப்பு எங்கே என்றால், "நானோ" என்கிற விளக்கத்தில். என்னைக் கேட்டால் உண்மையான விளக்கம் அதைவிட அழகானது. ஒரு புரோகிராமருக்கு அது சட்டென்று புரியும்.

முதல்ல ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாம். எங்க அப்பாவோட ஊர் திருவரங்குளம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போற ரோட்டுல வரும். அங்கே ஹரதீர்த்தேஸ்வரர் கோயில் சுவரெல்லாம் எழுத்து. சோழர் காலம், பாண்டியர் காலம் ரெண்டும் இருக்கு. சின்ன வயசுல அதை டிசைன் என்றுதான் நினைப்போம். ஆனா இந்த வட்டாரக் கல்வெட்டுகளில் நிறையப் பேசுவது நிலம், வரி, தானம், விற்பனை பற்றித்தான். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், அதில் எவ்வளவுக்கு வரி இல்லை, இந்த மாதிரி. நம்ம மொழியில் சொன்னா, டெலிட் பட்டனே இல்லாத ஒரு டேட்டாபேஸ். புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம். 1929ல் சமஸ்தானமே தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகங்களை அச்சுப் புத்தகமாகப் போட்டது. கல்லுக்கு எடுத்த முதல் பேக்கப் என்று வெச்சுக்கலாம்.

சரி, நிலக்கணக்குக்கு வருவோம். பெரிய அலகு வேலி. அதில் இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. 160ல் ஒரு பங்கு அரைக்காணி. 320ல் ஒரு பங்கு முந்திரி. (முந்திரிப் பருப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.) இவை நிலத்துக்கு மட்டுமான பெயர்கள் இல்லை. நெல்லோ பொன்னோ, எதன் பின்னத்துக்கும் இதே சொற்கள்தான்.

எல்லாத்தையும் முந்திரியாக மாத்திப் பாருங்க. முந்திரி 1, அரைக்காணி 2, காணி 4, மா 16, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. எல்லாமே முழு எண். பின்னம் என்கிற தலைவலியே காணாமல் போச்சு. இப்போ மாவையும் காணியையும் கூட்டுங்க. 16 கூட்டல் 4, மொத்தம் 20 முந்திரி. அதாவது பதினாறில் ஒன்று. அதுக்குப் பெயர் என்ன? மாகாணி. பெயரே ஒரு கூட்டல் கணக்கு!

இனிமேதான் சுவாரஸ்யம். முந்திரியை விடச் சின்னது வந்தால் என்ன செய்வது? புதுப்புது பெயர்களை அடுக்கிக்கிட்டே போகாமல், "கீழ்" என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டார்கள். கீழ் என்று வந்துவிட்டால் அதுக்கு அப்புறம் வர்ற பின்னத்தை மறுபடியும் 320 ஆல் வகுக்கணும். கீழரை என்றால் 640ல் ஒன்று. கீழ்முந்திரி என்றால் 1,02,400ல் ஒன்று. இன்னொரு கீழ் போட்டால் இன்னொரு 320. அதே சின்னப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆழத்துக்கும் இறங்கலாம். காலேஜ்ல ரிகர்ஷன் படிச்சவங்களுக்கு இப்போ லேசா சிலிர்க்கணும்.

இதை எவ்வளவு தூரம் கொண்டு போனார்கள் என்பதற்கு அடுத்த மாவட்டமான தஞ்சாவூருக்குப் போகணும். ராஜராஜன் கட்டிய பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கு இருக்கு. அதில் ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு போகிறது என்பது கல்வெட்டு ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வரும் விஷயம். அந்த எண்ணை நான் பிரித்துப் பார்த்தேன். 320ஐ நாலு தடவை பெருக்கி, அதை 5 ஆல் பெருக்கினால் சரியாக அதே எண் வருது.

இப்போ கொஞ்சம் யோசிங்க. இன்னைக்கு வேலி என்று சொல்வது ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அந்த அளவை வைத்துக்கொண்டால் மேலே சொன்ன பங்கு கிட்டத்தட்ட அரை சதுர மில்லிமீட்டர். ஒரு எள்ளை வைக்கக்கூட இடம் பத்தாது. கோலை வைத்து வயலை அளந்த எந்த மனுஷனும் அதை அளந்திருக்க முடியாது. இன்னைக்கு ஜிபிஎஸ் வைத்தாலும் முடியாது. அப்போ ஃபார்வர்டு சொல்ற "நானோ அளவீடு" அங்கேயே அடிபட்டுப் போச்சு.

அப்புறம் ஏன் எழுதினார்கள்? என் கருத்து இதுதான்: அது அளந்த எண் இல்லை, கணக்குப் போட்டதில் வந்த எண். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பின்னத்துக்குள் பின்னம் வரும். மொத்த நிலத்திலிருந்து குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரி இல்லாத இடங்களைக் கழித்தால் மிச்சம் வரும். அந்த மிச்சத்தை யாரும் ரவுண்ட் பண்ணவில்லை. கழித்ததையும் மிச்சத்தையும் மறுபடி கூட்டினால் மொத்தம் அப்படியே திரும்பி வரணும். டேலி ஆகணும். அவ்வளவுதான்.

இது ஏன் பெரிய விஷயம் என்று இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கேளுங்க. பைத்தானைத் திறந்து 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லுங்க. 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் இரண்டின் மடங்குகளில் யோசிக்கிறது. பத்தில் ஒன்றை அதால் முழுசாக எழுத முடியாது. நாம மூணில் ஒன்றை 0.333 என்று எழுதிக்கிட்டே போற மாதிரி, அது பத்தில் ஒன்றை எழுதிக்கிட்டே போய் ஒரு இடத்தில் வெட்டிவிடும்.

இதே கணக்கைத் தமிழில் போடுவோம். பத்தில் ஒன்று இருமா, 32 முந்திரி. ஐந்தில் ஒன்று நாலுமா, 64 முந்திரி. கூட்டினால் 96. அதாவது காலே ஒருமா. முடிஞ்சது, மிச்சம் மீதி இல்லை. காரணம், 320க்குள் ஆறு இரண்டும் ஒரு ஐந்தும் இருக்கு. கம்ப்யூட்டரிடம் அந்த ஐந்து இல்லை.

"அந்தக் கடைசி நாலுக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று கேட்பீங்க. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தாரான் நகரில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு சிஸ்டம். அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை முழு எண், அதில் தப்பே இல்லை. அதை நொடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்கினார்கள். 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1. தொடர்ந்து 100 மணி நேரம் ஓடியதில் சுமார் 0.34 நொடி பிசகு சேர்ந்துவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையை சிஸ்டம் தப்பான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பிரச்சினை ஒரு இருமாவில்.

என்னோட முதல் கம்பெனியில் ஒரு பில்லிங் சிஸ்டம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்னாடியே யாரோ தொகையை எல்லாம் தசமமாக ஸ்டோர் பண்ணி வைத்திருந்தார்கள். மாசக் கடைசியில் சில பைசா இடிக்கும். மூணு பேர் உட்கார்ந்து ராத்திரி முழுக்க அந்தப் பைசாவைத் தேடுவோம். தீர்வு ரொம்ப சிம்பிள்: ரூபாயை விட்டுட்டு எல்லாத்தையும் பைசாவாக, முழு எண்ணாக வைக்கணும். பணத்தைக் கையாளும் நல்ல சாஃப்ட்வேர் பலவும் இப்படித்தான் செய்யும். சின்ன அலகு ஒன்றைத் தேர்ந்தெடு, அதை எண்ணு. முந்திரிக் கணக்கின் சூத்திரமும் அதேதான்.

கேமர்களுக்கும் இதில் பங்கு இருக்கு. 1993ல் வந்த டூம் கேம். அந்தக் காலத்து 386 கம்ப்யூட்டர்கள் பலதில் தசமக் கணக்குப் போடும் சிப்பே கிடையாது. அதனால் ஜான் கார்மாக் குழு ஒவ்வொரு அலகையும் 65,536 பங்காகப் பிரித்து முழு எண்ணாகவே கணக்குப் போட்டது. இதுக்கு ஃபிக்ஸட் பாயின்ட் என்று பெயர். இதில் ஒரு போனஸ். டூம் டெமோ ஃபைலில் வீடியோ இருக்காது. எந்த நேரத்தில் எந்தக் கீ அமுக்கினோம் என்பது மட்டும்தான் இருக்கும். எந்த மெஷினில் ஓட்டினாலும் அதே ஆட்டம் அப்படியே நடக்கும், அதே இடத்தில் அதே அரக்கன் விழுவான். யார் போட்டாலும், எப்போ போட்டாலும், விடை ஒன்றே.

கல்லில் எழுதுகிறவனுக்கும் இதே தேவைதான். நூறு வருஷம் கழித்து எவனோ ஒருத்தன் வந்து கூட்டிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கக் கூடாது.

ஒரு ஓட்டை இருந்தது. இரண்டும் ஐந்தும் மட்டும் இருந்தால் மூணால் வகுக்க முடியாதே? மூணு அண்ணன் தம்பி பாகம் பிரித்தால்? இங்கேதான் இம்மி வருது. கணக்கு நூல்களின் பட்டியல்படி 21 இம்மி சேர்ந்தால் ஒரு கீழ்முந்திரி. 21க்குள் மூணும் ஏழும் இருக்கு. மூணில் ஒரு பங்கு என்பது 34,133 கீழ்முந்திரியும் 7 இம்மியும். சரியாக வருது, நீங்களே போட்டுப் பாருங்க. இதுக்காகத்தான் 21ஐ வைத்தார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனா "இம்மி பிசகாமல்" என்று நாம சாதாரணமா சொல்றோமே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏழு இம்மி ஞாபகம் வரும்.

பெருமைப்படுவோம், ஆனா முழுசாகப் படித்துவிட்டுப் பெருமைப்படுவோம். எள்ளுக்கும் சின்ன இடத்துக்குக் கணக்கு வைத்த அதே தஞ்சைக் கல்வெட்டுகள், வரி இல்லாத இடங்களின் பட்டியலில் "தீண்டாச்சேரி" என்றும் எழுதி வைத்திருக்கு. கணக்கு துல்லியமாக இருந்தது. அதனால் சமூகம் நியாயமாக இருந்தது என்று ஆகிவிடாது. ரெண்டும் ஒரே சுவரில்தான் இருக்கு.

இந்தக் கணக்கு எப்படிக் காணாமல் போச்சு? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வாய்ப்பாடு எல்லாம் வாயிலேயே இருக்கும். ரூபாய்க்கு 16 அணா இருந்தவரைக்கும் அதுக்கு வேலையும் இருந்தது. ஒரு அணா என்றால் ஒரு மாகாணி ரூபாய்தானே. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசா வந்தது. கூடவே மெட்ரிக் அளவுகளும் வந்தன. கணக்கு எல்லாருக்கும் சுலபமாச்சு, நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் குறிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் குறைந்தார்கள்.

கம்ப்யூட்டரிலும் அதே கதை. 2003ல் யூனிகோடு தமிழுக்கு வரவு, பற்று, ரூபாய் மாதிரிக் குறிகளைச் சேர்த்தது. பின்னங்களுக்கு இடம் இல்லை. அப்போ ஒரு பழைய பத்திரத்தை டைப் பண்ண உட்கார்ந்தால், முந்திரி வரும் இடத்தில் படம் ஒட்டணும், இல்லையென்றால் விட்டுவிடணும். நிலப் பத்திரத்தில் எண்ணை விட்டால் மிச்சம் என்ன இருக்கு? 2019 மார்ச்சில்தான் யூனிகோடு 12 "தமிழ் சப்ளிமென்ட்" என்று 51 குறிகளைச் சேர்த்தது. அந்தத் தொகுதியின் முதல் எழுத்து எது தெரியுமா? முந்திரி. நம்ம "கீழ்" என்ற சொல்லுக்கும் அங்கே தனி இடம் இருக்கு. நிறைய ஃபோன்களில் இன்னும் வெறும் கட்டமாகத்தான் தெரியும். ஆனா இடம் இருக்கு, ஃபான்ட்டும் இருக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில், பரணில், பழைய பத்திரமோ ஓலையோ இருந்தால் "கிறுக்கலா இருக்கு" என்று தூக்கிப் போடாதீங்க. வெளிச்சத்தில் வைத்து ஒரு நல்ல போட்டோ எடுங்க. பெரியவங்க யாருக்காவது மாகாணி வாய்ப்பாடு ஞாபகம் இருந்தால் சொல்லச் சொல்லி ரெக்கார்டு பண்ணுங்க. அடுத்த தடவை அந்த நானோ ஃபார்வர்டு வந்தால் சண்டை போடாதீங்க. இருமாவும் நாலுமாவும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்க. பேச்சு அங்கே இருந்து தொடங்கட்டும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.