லஸ்கர் - ஒரு சொல்லின் கடல் பயணம்

எங்கள் சிலமலைக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலை, ஏலக்காய், முல்லைப் பெரியாறு தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் கால்வாயில் மதகைத் திறந்து மூடுகிறவரை எங்கள் மாவட்டத்தில் 'லஸ்கர்' என்போம். ஆங்கில அகராதியில் தேடினால் 'கப்பலில் வேலை பார்க்கும் இந்திய மாலுமி' என்று இருக்கிறது!

மூலம் பாரசீக 'லஷ்கர்'. படை என்று பொருள். படைவீரன் 'லஷ்கரி'. போர்த்துக்கீசியர் அதை 'லஸ்கரிம்' ஆக்கினார்கள். இலங்கையில் அவர்களுக்காகச் சண்டை போட்ட உள்ளூர் சிப்பாய்கள் லஸ்கரின்கள். ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் சிப்பாய் கப்பல் தொழிலாளி ஆகிவிட்டார். பீரங்கி இழுத்தவர், கூடாரம் அடித்தவர்கூட லஸ்கர்தான். மதகு லஸ்கர் இந்த வழியாக வந்தவர் என்பது என் ஊகம். அந்தக் காலத்தில் பொதுப்பணிகளைப் பார்த்தவர்களில் ராணுவப் பொறியாளர்கள் நிறைய, பென்னிகுக்கும் அப்படித்தான்.

கப்பலில் இவர்களின் தலைவர் 'செராங்'. அடுத்தவர் 'டிண்டல்', அது நம் தண்டல். (வட்டிக்காரர் தண்டல் இல்லை!)

சரி, விஷயத்துக்கு வருவோம். வணிகவியல் மாணவனான என்னை உறுத்தியது இதுதான். 1660-ம் ஆண்டு கப்பல் சட்டப்படி கப்பலாட்களில் முக்கால் பங்கு ஆங்கிலேயராக இருக்க வேண்டும். 1823-ல் இன்னொரு சட்டம்: பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்திருந்தாலும் லஸ்கர் 'பிரிட்டிஷ் மாலுமி' கணக்கில் வரமாட்டார். ஒப்பந்தமும் தனி. சம்பளம் வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் கீழே. படுக்க இடமும் குறைவு. வேலை என்னவோ அதே வேலை, அதே கடல். ஆக, அந்தப் பெயர் வெறும் பெயர் இல்லை, சம்பளப் பட்டியலில் ஒரு தனிப் பத்தி!

லண்டனில் இறங்கி, ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் குளிரில் தெருவில் கிடந்தவர்கள் பலர். 1857-ல்தான் லைம்ஹவுஸ் பகுதியில் ஆசிய மாலுமிகளுக்கு ஒரு விடுதி திறந்தார்கள்.

முதல் உலகப்போரில் இறந்த வங்காள, அஸ்ஸாம் லஸ்கர்கள் 896 பேருக்காக 1924-ல் கொல்கத்தாவில், ஹூக்ளி ஆற்றை ஒட்டி ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. கொல்கத்தா போகிறவர்கள் விக்டோரியா நினைவகத்தோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.