குரா மரமும் மறைந்த காடும்

காஞ்சிபுரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கோயில்களும் பட்டுச் சேலைகளுமே. அந்நகரத்துக்குச் செல்பவர்கள் கைலாசநாதர் கோயிலையும் ஏகாம்பரநாதர் கோயிலையும் கண்டு, கடைத்தெருவில் ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றின் கரையில் திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் இருப்பதைப் பலர் அறியார். சமணக் காஞ்சி எனப்படுவது இவ்வூரே. இங்குள்ள கோயிலின் திருச்சுற்றில் ஒரு குரா மரம் நிற்கிறது. அது பருமனான மரமன்று, வானளாவிய மரமுமன்று. ஆயினும் வரலாறு, தாவரவியல் இரண்டையும் கற்கும் மாணவன் அதன் அருகில் சற்றுநேரம் நிற்பது நல்லது. தொண்டை நாட்டில் ஒரு காலத்தில் எத்தகைய காடு இருந்தது என்பதற்கு அம்மரம் ஒரு சாட்சி.

ஊரும் கோயிலும்

முதலில் ஊரைப் பார்ப்போம். இங்குச் சமணக் கோயில்கள் இரண்டு உண்டு. சிறியதான சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலத்தது, மணற்கல்லால் ஆனது. பெரியது திரைலோக்கியநாதர் கோயில் என்று வழங்கும் வர்த்தமானர் கோயில். முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. விசயநகர மன்னன் இரண்டாம் ஹரிஹரனின் படைத்தலைவனாகவும் அமைச்சனாகவும் விளங்கிய இருகப்பன் ஒரு சமணன். தன் ஆசிரியரான புஷ்பசேன முனிவரின் விருப்பப்படி 1387ஆம் ஆண்டையொட்டி அவன் இக்கோயிலில் சங்கீத மண்டபத்தைக் கட்டினான். அம்மண்டபத்தின் மேற்கூரையில் தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மண்டபம் எழுந்த காலத்துக்குப் பிந்தியவை. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருப்பது தனிச் சிறப்பு. டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது.

ஓவியங்களைக் கண்டு முடித்ததும் வந்த வழியே திரும்பிவிடாதீர்கள். கருவறைகளின் பின்புறம் செல்லுங்கள். அங்கே மேடையுடன் குரா மரம் நிற்கும். மல்லிசேன வாமனர், அவர்தம் மாணவர் புஷ்பசேனர் முதலிய முனிவர்களின் நினைவுப் பீடங்கள் அதன் நிழலில் உள்ளன. சமண சமயத்தில் மரத்துக்கு உயர்ந்த இடம் உண்டு. ஒவ்வொரு தீர்த்தங்கரரும் ஒரு மரத்தடியில்தான் முழுதுணர் ஞானம் எய்தினார் என்பது அச்சமய மரபு. ரிஷபருக்கு ஆலமரம், மகாவீரருக்குச் சால மரம். மரம் செடிகளை ஓரறிவுயிர் என்று சமணர் வகுத்தனர். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவே தொல்காப்பியமும் கூறுகிறது. உயிர் உள்ள பொருளை வெட்டத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கமே இங்கு ஒரு மரத்துக்கு வேலியாக அமைந்தது.

வளராத மரம் உண்டா?

இம்மரத்தைப் புகழும் பாடல் ஒன்று கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மரம் தன் அளவில் குறைவதும் இல்லை, உயர்வதும் இல்லை. மூன்று முனிவர்களோடு தொடர்புடையது. மன்னனின் செங்கோல் நேராக இருப்பதை உலகுக்குக் காட்டுவது. அறத்தின் மரமாகிய குரா இது என்பது அப்பாடலின் கருத்து.

உயிருள்ள மரம் வளராமல் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். குரா என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பேரகராதி தரும் தாவரம் வெபரா கோரிம்போசா என்பது. இன்றைய தாவரவியலார் அதனைத் தரென்னா ஏசியாட்டிக்கா என்று அழைக்கின்றனர். காப்பிச் செடியும் வெட்சியும் சேர்ந்த ரூபியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கிளை நுனிகளில் வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும், நறுமணம் உடையவை. இது இயல்பிலேயே புதராகவோ சிறு மரமாகவோ நிற்கும் இனம். ஓர் அளவை எட்டிய பிறகு உயரம் கூடுவது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நம் உலர்ந்த காடுகளின் சிறு மரங்கள் பலவற்றில், முதிர்ந்த தண்டு பட்டுப்போனால் அடிமரத்திலிருந்து புதிய தண்டு கிளைக்கும். வேர் பழையது, தண்டு புதியது. தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பவர்களுக்கு மரம் அதே அளவில் நிற்பது போலத் தோன்றும். புலவர் சொன்னது உயர்வு நவிற்சியாக இருக்கலாம். ஆனால் அதற்குள் கூர்மையான ஒரு நோக்கு இருக்கிறது எனலாம்.

மரத்தின் வயது என்ன? இதைச் சொல்வது எளிதன்று. குளிர் நாடுகளில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மரத்தின் வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்குவதால் தண்டுக்குள் ஆண்டு வளையங்கள் தெளிவாக அமையும். அவற்றை எண்ணி வயதைக் கூறிவிடலாம். வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் அவ்வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. ஆகவே இங்கே மரத்தைவிடக் கல்வெட்டே நம்பத்தகுந்த சாட்சி.

எந்தக் காட்டின் மரம்?

குரா கோயிலுக்கென்றே பிறந்த மரம் அன்று. அது ஒரு காட்டின் உறுப்பினன். இந்தியக் காடுகளை 1936இல் வகைப்படுத்திய சாம்பியன் என்னும் அறிஞர், சோழமண்டலக் கரையையொட்டிய காடுகளை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனத் தனி வகையாகக் குறித்தார். பெயரிலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது அல்லவா? உலர்ந்த நிலத்தில் காடு எவ்வாறு ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும்?

விடை இலையில் இருக்கிறது. இவ்வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1000 முதல் 1200 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. ஆண்டுதோறும் இலைகளை உதிர்த்துப் புதுப்பிப்பதற்குப் பதிலாக, இக்காட்டு மரங்கள் சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளைக் கொண்டுள்ளன. அவை நீரை எளிதில் இழப்பதில்லை. உலக்கைப்பாலை, வீரை, காயா, நாவல் முதலியன இக்காட்டின் மரங்கள். குராவும் அவற்றின் கூட்டத்தைச் சேர்ந்ததே. காஞ்சி வட்டாரம் இக்காட்டின் உள்நாட்டு விளிம்பு. அங்கிருந்து மேற்கே செல்லச் செல்ல இலையுதிர் மரங்களும் முட்புதர்களும் மிகும்.

இந்நாட்டின் பெயர்களைக் கவனியுங்கள். தொண்டை என்பது ஒரு கொடி. பல்லவம் என்ற வடசொல்லுக்குத் தளிர் என்று பொருள். காஞ்சி என்பது ஆற்றோரங்களில் வளரும் ஒரு மரம். நகரின் பெயர் அதிலிருந்தே வந்தது என்று கருதுவோர் உண்டு. திருவாலங்காடு, திருவேற்காடு என்னும் ஊர்ப்பெயர்கள் காட்டைத் தம்முள் வைத்திருக்கின்றன. காடு போய்விட்டது, பெயர் நிற்கிறது.

காடு எங்கே போயிற்று?

பல்லவர்களுக்குக் காடுவெட்டி என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. காட்டைத் திருத்துவது அக்காலத்தில் அரசனுக்குப் பெருமை. காட்டை வெட்டி நிலமாக்கினர், ஏரி வெட்டி நீர் பாய்ச்சினர், நெல் விளைந்தது, கோயில் எழுந்தது. இதைக் குற்றம் என்று நாம் இன்று கூறிவிட முடியாது. அந்த நெல்லில்தான் நம் முன்னோர் வாழ்ந்தனர். திருப்பருத்திக்குன்றம் என்னும் பெயரே ஒரு பயிரின் பெயரைத் தாங்கியிருப்பதைப் பாருங்கள்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டும் வேகம் மாறியது. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் போடவும் மரம் வேண்டும். இயந்திரத்தில் எரிக்கவும் விறகு வேண்டும். அதே 1856இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குக் காப்பாளராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். அவர் 1820இல் சென்னையில் பிறந்தவர், ஸ்காட்லாந்துக் குடும்பத்தினர், மருத்துவர், தாவரவியலார். இரயில் பாதைகளின் விறகுப் பசி காடுகளை எவ்வாறு அழிக்கும் என்று அவர் எச்சரித்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அதற்குள் சமவெளிக் காடுகளில் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. எஞ்சியவை சிறு சிறு துண்டுகள். அவற்றுள் பல, ஐயனார் கோயில்களைச் சூழ்ந்த கோயிற்காடுகள்.

ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர்

கிளெக்ஹார்னின் முன்னோர் நாட்டிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் பைன் மரக் காடுகள் ஒரு காலத்தில் பரந்து கிடந்தன. வெட்டியதும் எரித்ததும் போக, மிஞ்சியவை மிகச் சில. ஸ்டீவன், கார்லைல் என்னும் இரு அறிஞர்கள் எஞ்சிய பைன் காடுகளை நேரில் ஆராய்ந்து 1959இல் ஒரு நூல் எழுதினர். அவர்கள் கணக்கில் வந்தவை 35 காடுகளே. அவற்றில் பலவற்றில் முதிய மரங்கள் நின்றன, இளங்கன்றுகளோ அரிதாயிருந்தன. முளைத்த கன்றுகளை மான்களும் ஆடுகளும் மேய்ந்துவிட்டன. கிழவர்கள் மட்டும் வாழும் ஊரைப் போன்றது அத்தகைய காடு. பார்வைக்கு ஊர்தான், அடுத்த தலைமுறைதான் இல்லை.

அவற்றுள் ஒன்று, ரானக் ஏரியின் தென்கரையில் உள்ள கறுப்புக் காடு. அதே பெர்த்ஷயர் வட்டாரத்தில் ஃபார்ட்டிங்கால் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்த் தேவாலய முற்றத்தில் ஒரு பழைய யூ மரம் நிற்கிறது. 1769இல் அளந்தவர்கள் அதன் சுற்றளவு 50 அடிக்கு மேல் என்று எழுதி வைத்தனர். அதன் நடுத்தண்டு உளுத்துப் போய்விட்டதால், வளையங்களை எண்ணி வயதைக் கூற இயலாது. 2000 ஆண்டுகளுக்கு மேல் என மதிப்பிடுவோர் உளர். வந்தவர்கள் நினைவுப் பொருளாகக் கிளைகளை ஒடித்துச் சென்றதால் மரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப நேர்ந்தது. யூ மரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இது ஆண் மரம். ஆயினும் 2015இல் அதன் ஒரு கிளையில் மட்டும் பெண் மரத்துக்குரிய சிவந்த கனிகள் தோன்றித் தாவரவியலாரை வியப்பில் ஆழ்த்தின.

இதைக் கண்ட அந்நாட்டார் வியப்போடு நின்றுவிடவில்லை. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தார் பழைய யூ மரங்களிலிருந்து கொம்புகளை வெட்டிப் பதியமாக்கி வளர்க்கின்றனர். முதிய மரம் ஒருநாள் சாய்ந்தாலும் அதன் வழி தொடரும்.

தனிமரமும் தோப்பும்

தனிமரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. அறிவியலும் அதையே கூறுகிறது. ஒரு மரம் தன் இனத்தைக் காக்க வேண்டுமாயின், அதன் பூவுக்கு வண்டும் தேனீயும் வர வேண்டும். கனியைத் தின்னப் பறவை வர வேண்டும். விதை விழும் இடத்தில் நிழலும் மக்கிய இலையும் இருக்க வேண்டும். அருகில் அதே இனத்தின் வேறு மரங்களும் வேண்டும். ஒரே மரத்தின் வித்துகளிலிருந்தே ஒரு கூட்டம் பெருகினால் அதன் மரபுப் பண்புகளில் வேறுபாடு குறைவு. புதிய நோய் ஒன்று வந்தால் எல்லாம் ஒருசேர விழக்கூடும். கல் பாவிய திருச்சுற்றில் நிற்கும் மரத்துக்கு வழிபாடு உண்டு. வாரிசு உண்டா என்பதே கேள்வி.

அந்த வாரிசுகளுக்கு இடம் தரும் துண்டுகள் இன்னும் சில உள்ளன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் பெயர் பெற்றது. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையிலும், 1978இல் தேசியப் பூங்காவான சென்னைக் கிண்டியிலும் இக்காட்டின் மரங்களைக் காணலாம். இழந்ததை மீட்கவும் இயலும். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்நிலம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். இன்று அங்கே நிழல் தரும் காடு இருக்கிறது. அம்முயற்சியில் நம் மண்ணுக்குரிய மரங்களைத் தேடியவர்கள், விதைக்காக எஞ்சிய கோயிற்காடுகளையே நாடினர். கோயிற்காடு பழமையின் மிச்சம் மட்டுமன்று. அது நாளைய காட்டின் விதைக்கிடங்கு.

நீங்கள் செய்யக்கூடியது

திருப்பருத்திக்குன்றத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு சொல். மரத்தின் இலையைப் பறிக்க வேண்டாம். கிளையை ஒடிக்க வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தடிப்பு, நரம்புகள் எவ்வாறு ஓடுகின்றன, பூக்கும் மாதம் எது, பூவை நாடி வரும் பூச்சிகள் எவை என்று குறித்து வையுங்கள். பிறகு உங்கள் ஊருக்குத் திரும்பி, உங்கள் ஊர்க் கோயிலின் தலமரம் எது, எல்லையில் ஐயனார் கோயில் இருந்தால் அங்கே என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். மரங்களின் நாட்டுப் பெயர்களை அறிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

குரா மரம் மன்னனின் செங்கோலைக் காட்டுகிறது என்றார் அன்றைய புலவர். இன்று மன்னர் இல்லை. செங்கோல் மக்கள் கையில் இருக்கிறது. அது நேராக இருக்கிறதா என்பதை அறிய, குராவின் கன்று ஒன்றாவது அதற்குரிய மண்ணில் தழைக்கிறதா என்று பார்த்தால் போதும்.