உத்தரிக்கிற ஆத்துமாக்களும் வேதத்தில் சேராத தாத்தாவும்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். இறந்தவர்களுக்குப் பூசை வைக்கப் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் யார் பெயர் வரலாம்? இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

முதலில் நம்பிக்கை என்ன என்று பார்ப்போம். கடவுளோடு உறவில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலையைத்தான் பழைய ஜெபப் புத்தகங்கள் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்கின்றன. அந்த ஆத்துமாக்களுக்கு நம் ஜெபமும் பூசையும் உதவும் என்பது திருச்சபையின் போதனை. சுமார் 998-ல் பிரான்ஸின் க்ளூனி மடத்துத் தலைவர் ஒதிலோ நவம்பர் 2-ஐ இதற்கென ஒதுக்கினார். 1274-ல் லியோன் சங்கமும் 1563-ல் திரெந்து சங்கமும் இந்தப் போதனையை உறுதி செய்தன.

ஆனால் ஒரு எல்லை உண்டு. நரகத்தில் இருப்பவர்களுக்கு எந்த ஜெபமும் உதவாது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்கள் அங்கேதான் என்று பலர் அன்று நினைத்தார்கள். இது புதிதாக மனம் மாறியவர்களைத்தான் அதிகம் சுட்டது. முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த சவேரியார் பிறகு ஜப்பான் போனார். அங்கே கிறிஸ்தவர்களானவர்கள், தங்கள் முன்னோர்களை ஜெபத்தால் மீட்க வழியே இல்லையா என்று கேட்டு அழுதார்களாம். இல்லை என்றுதான் தாம் சொன்னதாக 1552-ல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

நம் ஊரிலும் இதே கேள்வி எழக்கூடியதுதான். வில்லியனூருக்குப் பக்கத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி இருக்கிறது. முன்னோர்களுக்குத் திதி கொடுக்க மக்கள் அங்கே போகிறார்கள். வேதத்தில் சேர்ந்த குடும்பம் திதியை விட்டுவிட வேண்டும். 1704-ல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியிலிருந்தே ஓர் ஆணை போட்டு, தமிழ்க் கிறிஸ்தவர்களின் பல உள்ளூர் வழக்கங்களைத் தடை செய்தார். வில்லியனூரில் லூர்து மாதா கோவில் எழுந்த 1870-களிலும் சபையின் பொதுவான போக்கு கண்டிப்பானதுதான். அப்படியானால் வேதத்தில் சேராமலே இறந்த தாத்தாவுக்குத் திதியும் இல்லை, பூசையும் இல்லையா?

பதில் மெல்ல மாறியது. தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், மனசாட்சிப்படி வாழ்ந்தவரும் மீட்படையலாம் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 901-ம் பிரிவு, உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. அந்தத் தாத்தாவின் பெயரையும் இன்று பட்டியலில் எழுதிக் கொடுக்கலாம்.

சட்டப் புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. ஆனால் ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் திருக்காஞ்சிக்கும் பாதிப் பேர் கல்லறைக்கும் போகும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. 'நம்மைப் பெற்றவர்களை நாம் கைவிடவில்லை' என்ற நிம்மதியைத் தேடித்தான் இரண்டு பேருமே போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?