கரி, டீசல், ஒரு துளி நீர்

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் நிலக்கரியால் ஓடியவை. அக்கரி நனைந்தால் உலர்த்தி எரிக்கலாம். இன்று தூத்துக்குடி விசைப்படகுகளின் டீசலில் நீர் கலந்தால் அவ்வளவு எளிதில் தீராது.

ஜப்பானியத் தாவரவியலாளர் மியோஷி, பாரஃபினைப் பூஞ்சை துளைத்து வளர்வதை 1895இல் பதிவு செய்தார். ருடால்ஃப் டீசலின் எஞ்சின் வெற்றி கண்டது 1897இல். எரிபொருளுக்கு முன்பே அதை உண்ணும் உயிரை நாம் அறிந்திருந்தோம் எனலாம்.

மீன்பிடித் தடைக்காலம் தமிழகக் கிழக்குக் கரையில் 2017 முதல் 45 நாளிலிருந்து 61 நாளாயிற்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனம் பெருக அது தேவை. ஆனால் கரையில் நிற்கும் படகின் பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி, டீசலுக்கு அடியில் தங்குகிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் செழித்துக் கொழகொழப்பான படலமாகின்றன. முதல் பயணத்தில் அலை அதைக் கலக்க, வடிகட்டி அடைபட்டு, நடுக்கடலில் எஞ்சின் நிற்கிறது.

வடிகட்டியை மட்டும் மாற்றினால் மீண்டும் அடைபடும். தொட்டியை நிரப்பி நிறுத்துவதும், அடிநீரை வடித்துவிட்டுப் புறப்படுவதுமே உயிர்காக்கும் வழி. கப்பலோட்டிய மண்ணின் கடல் வரலாற்றில் இச்சிறு நீர்த்துளிக்கும் ஓரிடம் உண்டென்றே நாம் கருதுகிறோம்.