பொய்யிலிருந்து பயிற்சிக்கு: ஒரு சொல்லின் பயணம்

விமானியின் பயிற்சி, புயலின் போக்கைக் கணித்தல், மருத்துவக் கல்வி ஆகிய துறைகளில் 'சிமுலேஷன்' என்னும் சொல்லை இன்று நாம் கேட்கிறோம். ஒத்தது எனப் பொருள்படும் 'சிமிலிஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு இது உறவு. ஆனால் பல நூற்றாண்டுகளாக இச்சொல் பாசாங்கையே குறித்து வந்தது.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் இதனைச் செயலால் உரைக்கும் பொய் என்று விளக்கினார். 1625இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், உள்ளதை மறைப்பதைவிட இல்லாததை உள்ளதாகக் காட்டுவதே பெருங்குற்றம் என்று எழுதினார். திருச்சபைச் சட்டத்தில் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. வாயால் சம்மதம் கூறிவிட்டு, மனத்தால் திருமணத்தையே விலக்குபவரின் ஒப்புதல் செல்லாது என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு. சட்ட வல்லுநர் அதனை இச்சொல்லாலேயே அழைப்பர்.

20ஆம் நூற்றாண்டில் சொல் திசை மாறியது. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழக்கும் பொறியை உருவாக்கினார். 1969 ஜூலைத் தொடக்கத்தில், நிலவில் இறங்கும் ஒத்திகை ஒன்றில் கணினி எச்சரிக்கை எழுந்தது. கட்டுப்பாட்டு அறையினர் தேவையின்றி இறக்கத்தைக் கைவிட்டனர். பிழை சுட்டிக்காட்டப்பட்டதும், அத்தகைய எச்சரிக்கைகள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து பட்டியலிட்டனர். ஜூலை 20இல் உண்மையாகவே எச்சரிக்கை ஒலித்தபோது, இறங்கலாம் எனத் துணிந்து கூற முடிந்தது. பாவனை அங்கே மெய்க்குத் துணை நின்றது.

வஞ்சகத்தைக் குறித்த சொல் எவ்வாறு கல்விக் கருவியின் பெயராயிற்று? இதற்கான விடை பழைய நூல்களிலேயே உண்டு. எம்மாவு வழியில் இயேசு அப்பால் செல்பவர்போலக் காட்டிக்கொண்டது பொய்யா என்ற வினாவுக்குப் புனித அகுஸ்தினார் மறுமொழி தந்தார்: புனைவதெல்லாம் பொய்யன்று, ஓர் உண்மையைச் சுட்டி நிற்கும் புனைவு அவ்வுண்மையின் உருவகமே. அக்குவினாரும் இதனை ஏற்றார்.

ஆகவே குற்றம் ஒப்புமையில் இல்லை. பயிற்சிப் பொறியில் அமரும் விமானி அது விமானம் அன்று என்பதை அறிவார். பொய்ச் சம்மதம் பெற்ற துணையோ அறியார். கணினி இன்று மனிதக் குரலையும் முகத்தையும் போலவே படைத்துத் தருகிறது. அவற்றைக் காணும்போது நாம் கேட்க வேண்டியது, எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதன்று. எதிரே இருப்பவருக்கு அது பாவனை எனத் தெரியுமா என்பதே.